உப்புத் தோல்

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதுதான் என் வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். பைகளைக் காப்பாற்றுவதுதான் வேலை. வண்டி ஓட்டுவது அதில் ஒரு பகுதி.

ராணுவம் கழித்துவிட்ட வண்டி அது. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு தோல் பைகள் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வரைக்கும் அதனால் தொந்தரவு இல்லை. அஞ்செட்டியைத் தாண்டிக் காட்டுக்குள் திரும்பினால் ரோடு கிடையாது, வண்டித்தடம். அதுவும் முடிந்தால் மாடு நடந்த தடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் உண்ணிப் புதரும் காரை முள்ளும். என் முழங்கால் தப்பித்துப் போகிற இடத்தில் பை தப்பிக்காது.

இடது பையில் ஒரு பெரிய ஃபிளாஸ்க். அதற்குள் ஐஸும், ஐஸுக்கு நடுவே சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பிகளும். மாடுகளுக்கு வருகிற வெக்கை நோய்க்கான ஊசி மருந்து. ஐஸ் காலை பஸ்ஸில் பெங்களூரிலிருந்து மரத்தூள் மூட்டையில் ஓசூருக்கு வந்து இறங்கும். அப்போதே பாதி போயிருக்கும். மீதியை உடைத்து ஃபிளாஸ்கில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல் மருந்து வெறும் தண்ணீர்.

காட்டுக்குள் ஊர் ஊராக நடந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் டாக்டர் நாராயணப்பன். மாட்டு டாக்டர். ஐம்பத்தாறாம் வருஷம், ஆடி பிறந்ததிலிருந்து அவர் அங்கேதான் இருந்தார். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அவர் இருக்கும் ஊருக்கு நான் மருந்து கொண்டுபோவேன்.

அதற்கு முன்னால் பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் பதினாலு மாதம் இரவு ஷிப்டில் இருந்தேன். அறுந்த நூலைப் பார்த்து முடிச்சுப் போடுவது வேலை. பகலில் நான் படுக்கும் பாயில் இரவில் இன்னொருவன் படுப்பான். பதினாலு மாதத்தில் அவன் முகத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஷிப்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான், அதில் கதை ஒன்றும் இல்லை.

ஆடி கடைசியில் கல்லுப்பள்ளத்துக்குப் போகும்போதுதான் அது நடந்தது. பாறை இடுக்கில் இடது பை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. தோல் கிழியவில்லை. அடிப்பக்கத் தையல் நூல் தேய்ந்து அறுந்துவிட்டது. ஊருக்கு அரை மைல் இருக்கும்போது பையின் அடி வாய் பிளந்து ஃபிளாஸ்க் பாறையில் விழுந்தது. அறுந்த நூலைக் கண்டுபிடிப்பதில் பதினாலு மாதப் பழக்கம் எனக்கு. இதை நான் பார்க்கவில்லை.

கல்லுப்பள்ளத்தில் மாடுகளைப் புளியமரங்களில் கட்டிவைத்துக் காத்திருந்தார்கள். டாக்டர் என் கையிலிருந்த உடைந்த ஃபிளாஸ்கைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. அவிழ்த்துக்கொண்டு போங்கள் என்று அவர்களிடம் சொன்னார். அடுத்த மருந்து வருவதற்குள் நோய் வந்துவிட்டது. பத்து நாளில் முப்பத்தொரு மாடு. தோல் உரிக்காமல் ஆழமாகப் புதைக்கச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஊருக்குப் போனார். புதுத் தையல் போட்டுக்கொண்டு நானும் ஓட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பையைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

முதலில் சாக்கைச் சுற்றினேன். முள் சாக்கைக் கொத்திப் பிடித்து இழுத்தது. பிரிந்த சணல் செயினில் சிக்கி வண்டியோடு விழுந்தேன். அடுத்தது லாரி டியூப். வெட்டி விரித்துக் கட்டினேன். முள்ளும் ஏறவில்லை, கல்லும் வழுக்கிப் போனது. ஆனால் கறுப்பு ரப்பர் வெயிலைக் குடித்தது. அஞ்செட்டியில் பைக்குள் கையை விட்டால் அடுப்பங்கரை மாதிரி இருந்தது. அன்றைக்கு ஐஸ் தண்ணீராகிவிடும் என்று பயந்து ஓட்டிய ஓட்டத்தில் வண்டியை உடைத்திருப்பேன்.

அப்போதுதான் தோல் நினைவுக்கு வந்தது. மயிரோடு கூடிய பச்சைத் தோல். ஈரத்தில் பையின் மேல் இழுத்துத் தைத்துவிட்டால், காய்ந்ததும் பலகை மாதிரி இறுகிவிடும். வெயிலும் உள்ளே இறங்காது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சம்பங்கி என்பவன் தோல் விற்றுக்கொண்டிருந்தான். வாயில் வெற்றிலை.

"எதுக்குடா தோலு? தப்பட்டை கட்டப் போறியா?"

"வண்டிப் பை மேல போர்த்தணும்ணா."

"பை என்னாத்துல?"

"தோல்ல."

"தோலுக்குத் தோலா!" பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னான். "டேய், கேட்டியா? இவன் செருப்புக்குச் செருப்பு போடுவான்டா."

"மயிரோட இருக்கணும். ஓட்டை இருக்கக் கூடாது. நாறுமா?"

"முந்தாநாளு உரிச்சது. உப்பு நல்லாப் போட்டு வெச்சிருக்கேன். உன்னைவிட நாத்தம் கம்மிதான், எடுத்துட்டுப் போ."

கனம் எவ்வளவு, எவ்வளவு சுருங்கும், எந்தப் பக்கம் வெட்டுவது என்று எல்லாம் கேட்டேன். எந்த ஊர் மாடு என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே தைத்து முடித்தேன். மயிர் பின்பக்கமாகப் படிகிற மாதிரி வைத்தேன். அப்படி வைத்தால் முள் மயிரோடு சறுக்கிக்கொண்டு போய்விடும். வலது பைக்கு வெட்டிய துண்டில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் இல்லாத ஒரு பழைய தழும்பு இருந்தது. அதை ஓரமாகத் தள்ளப் பார்த்தேன். மயிரின் படிவு மாறிப்போகும் போலிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை தோல் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. போர்த்தியபடியே கிளம்பினேன். பாறை இடுக்கில் வேண்டுமென்றே உரசிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு விசிலடித்தேன் என்று நினைக்கிறேன்.

வழியில் சீங்காடு என்று ஒரு சிற்றூர். இருபது வீடுகள், நாற்பது மாடுகள் இருக்கும். அங்கே நோய் வரவில்லை, அதனால் கடைசியாக ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் தள்ளிவைத்திருந்தார். ஓடைப் பக்கம் வண்டியை நிறுத்திப் பையின் மூடியில் ஈரத்துணி மாற்றுவது என் வழக்கம். எஞ்சின் சத்தத்துக்கு மாடுகள் மிரளும் என்பதால் எந்த ஊரிலும் என்னை உள்ளே கூப்பிட மாட்டார்கள். ஊருக்கு வெளியே நிற்பேன், யாராவது வந்து ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டு போவார்கள். சீங்காட்டில் மட்டும் ஓடைக்கரையில் மாடு மேய்க்கும் மாதம்மாள் என்னோடு பேசுவாள், வண்டிச் சத்தத்தை வைத்துப் பட்பட்டி என்று கூப்பிடுவாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. இரண்டு பசு, ஒரு கிடாரிக் கன்று.

"ஏ பட்பட்டி, பைக்கு என்னா புதுச் சட்டை?"

"கல்லு உரசாம இருக்க."

"உன் சட்டை முதுகுல கிழிஞ்சு தொங்குது. பைக்குப் போட்டிருக்கான் பாரு சட்டை." சிரித்தாள். "வூட்ல யாரும் இல்லியா உனக்கு?"

"இல்ல."

"அதான். நீ பைகிட்டப் பேசிக்கிட்டே வர்றதை நான் மேட்டுமேல இருந்து பாத்திருக்கேன்."

நான் அப்படிப் பேசுவது எனக்கே தெரியாது. துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். அப்போது கன்று வந்தது. இடது பையை முகர்ந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. சொரசொரவென்ற நாக்குச் சத்தம். விரட்டக் கையை எடுத்தேன்.

"விடு. அதுக்கு உப்புன்னா உசுரு."

விட்டேன். அது கண்ணை மூடிக்கொண்டு நக்கியது. நடுவில் என் கையையும் இரண்டு முறை நக்கியது, அதிலும் உப்பு இருந்திருக்கும். நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். மனிதர்கள் யாரும் என்னைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன். பிறகு அதை யோசிப்பதை விட்டுவிட்டு வண்டியை உதைத்தேன். டாக்டர் இருந்த ஊரில் வழக்கம்போல் ஒருவன் வந்து ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டு போனான். காலி ஃபிளாஸ்க் வந்ததும் நான் திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் கரடிப்பாறையில் இருந்தார், அது சீங்காட்டு வழியில் இல்லை. அங்கே ஊர் எல்லையில் தடத்தின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. தேங்காய் நார்க் கயிறு, நெடுக வேப்பிலைக் கொத்து. பக்கத்து ஊரில் மாடுகளுக்கு வெக்கை கண்டால் இந்தப் பக்கத்தில் அப்படித்தான் கட்டுவார்கள். கயிற்றுக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர் திம்மராயன் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நில்லுப்பா. பையில என்னா?"

"மருந்து. டாக்டருக்கு."

"பை மேல என்னா?"

"தோலு."

"அப்ப அங்கயே நில்லு. கயிறு கட்டினா தோலு, எலும்பு, கறி ஒண்ணும் உள்ள வராது."

"ஐஸ் கரையுதுங்க. ரெண்டு மணி ஆயிடுச்சு."

"கரையட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. "அந்தப் பையே தோலுதானுங்க. இத்தனை நாளா அது இங்க வரலியா?"

"அது செத்து எத்தினி வருசமோ ஆச்சு. இது போன வாரம் செத்தது." குனிந்து பார்த்தார். கயிற்றைத் தாண்டாமல் கோலை மட்டும் நீட்டி வலது பையின் மேலிருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். "இது என்னான்னு தெரியுதா உனக்கு?"

"ஏதோ காயம்."

"சூலம். சூடு போட்டது. இந்தக் காட்டுல சூலச் சூடு போடறவன் கல்லுப்பள்ளத்தான் மட்டுந்தான்." கோலைக் கீழே போட்டார். அந்தக் கோலை மறுபடி அவர் தொடவில்லை. "ஏம்பா, செத்த மாட்டைப் போத்திக்கிட்டு மருந்து கொண்டாரியா?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். திம்மராயன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

புதைத்த மாட்டை எவனோ தோண்டி உரித்திருக்கிறான், அல்லது புதைக்கவே இல்லை. அது எனக்கு இப்போதும் தெரியாது. என்னால் செத்த மாடுகளில் ஒன்றைத்தான் நான் வாங்கி, உப்பு நாற்றம் போகாமல் தைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறேன். அது மட்டும் அந்த இடத்திலேயே புரிந்தது.

டாக்டர் உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"கங்கப்பா, முதல்ல ஃபிளாஸ்கை எடுத்துக் கீழே வை. தள்ளிப் போ."

வைத்தேன். அவர் கயிற்றைக் குனிந்து கடந்து வந்து ஃபிளாஸ்க் முழுக்க பினாயில் ஊற்றித் துடைத்தார். என் கைகளிலும் ஊற்றினார். திம்மராயன் பார்த்துக்கொண்டே இருந்து தலையசைத்தார். ஃபிளாஸ்க் உள்ளே போனது. ஐஸ் இன்னும் குலுங்கியது. அன்று கரடிப்பாறையில் ஐம்பத்திரண்டு மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். அது நடந்துகொண்டிருந்தபோது நான் கத்தியால் தையலை அறுத்து இரண்டு தோலையும் உரித்தெடுத்தேன். வண்டியிலிருந்து பெட்ரோல் இறக்கி ஊற்றிக் கொளுத்தினேன். மயிர் பொசுங்கும் நாற்றம். அடியில் இருந்த பைகள் ஒரு கீறல் இல்லாமல், எண்ணெய் தேய்த்த மாதிரி இருந்தன.

முடித்துவிட்டு டாக்டர் கயிற்றருகே வந்தார். ஊரில் பாதி அவர் பின்னால் வந்தது.

"இந்தத் தோலைப் போட்டுட்டு எங்கெங்க நிறுத்தின?"

"சீங்காட்டு ஓடையில. அதைத் தவிர நீங்க ஊசி போட்ட ஊருக்கு வெளியில மட்டுந்தான் சார்."

"மாடு ஏதாவது கிட்ட வந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை, மாதம்மாளைத் தவிர. அவளுக்கு இது என்ன தோல் என்று தெரியாது.

"ஒரு கன்னு நக்குச்சு. நான் விரட்டல."

"எப்போ?"

"திங்கக்கிழமை."

டாக்டர் விரல் விட்டு எண்ணினார். "நாலு நாள். இன்னும் வெளிய தெரிஞ்சிருக்காது. நாளைக்கே ஊசி போட்டா அந்தக் கன்னைத் தவிர மத்ததுல பெரும்பாலும் நின்னுடும். ஓசூர்ல எவ்வளவு மருந்து இருக்கு?"

"ஒரு ஃபிளாஸ்க் இருக்கு சார்."

"அதுதான் கடைசி. அடுத்தது சேலத்துல இருந்து வர பத்து நாள் ஆகும். நான் விடியறதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சு மத்தியானம் சீங்காட்டுக்கு வந்துடறேன். நீ அங்க கொண்டா." பைகளைப் பார்த்தார். "மேல என்ன போடுவ?"

"ஒண்ணும் இல்ல சார்."

திம்மராயன் பக்கத்தில் நின்றவனிடம் கன்னடத்தில் எதுவோ சொன்னார். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சீங்காட்டுப் பக்கம் வேகமாக நடந்தான்.

மறுநாள் ஐஸ் பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். அஞ்செட்டியை நான் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மெதுவாகப் போனால் ஐஸ் போய்விடும், வேகமாகப் போனால் பை போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் பைக்கும் முள்ளுக்கும் நடுவே எதையாவது கொடுக்க வேண்டும். இடது காலை வெளியே நீட்டிக்கொண்டேன். வருகிற கிளையை முதலில் கால் வாங்கி ஒடித்துத் தள்ளியது. பை பின்னாலேயே நுழைந்து வந்தது. கொஞ்ச தூரத்தில் வேட்டி கிழிந்தது, பிறகு கால் தோலும். காரை முள் ஒன்று கெண்டைக்காலில் ஒடிந்து நின்றுவிட்டது. அதை நிறுத்திப் பிடுங்க நேரமில்லை.

பாறை இடுக்கில் இறங்கிவிட்டேன். எஞ்சினை அணைத்து, இடது பைக்கும் பாறைக்கும் நடுவே என் இடுப்பைக் கொடுத்து, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன். நூறு அடி தூரம். கல்லுப்பள்ளத்துக்குப் போகும்போது ஃபிளாஸ்க் உடைந்த அன்று இதை ஏன் செய்யவில்லை என்று தோன்றியது. அன்றைக்கு அவசரமில்லாமல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனேன்.

இடுக்கு முடிந்ததும் பையின் அடியைத் தடவிப் பார்த்தேன். தையல் முழுசாக இருந்தது. உள்ளே கையை விட்டேன். குளிர்ந்தது.

சீங்காட்டு ஓடைக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது. வேப்பிலை இன்னும் வாடவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறைமேல் மாதம்மாள் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் சத்தம் கேட்டதும் எழுந்தாள்.

"அங்கயே நிறுத்து."

நிறுத்தினேன். என் காலைப் பார்த்தாள்.

"டாக்டர் வந்துட்டாரா?" என்றேன்.

"இப்பத்தான் வந்தாரு. ஊருக்குள்ள மாட்டைப் பிரிச்சுக் கட்டிக்கிட்டு இருக்காரு. மருந்தை வெச்சுட்டுத் தள்ளிப் போவச் சொன்னாங்க உன்னை."

"யாரு?"

"எல்லாரும்."

ஃபிளாஸ்கை எடுத்தேன். கயிற்றுக்கு இரண்டடி முன்னால் ஒரு தட்டைக் கல்லில் வைத்தேன். அவள் கையை அசைத்தாள், இன்னும் பின்னால் போ என்று. பத்து அடி போனேன். மறுபடியும் அசைத்தாள். வண்டி வரைக்கும் போனேன். அப்புறம்தான் கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்தாள். பினாயில் துணியால் ஃபிளாஸ்கைத் துடைத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஐஸு இருக்கு," என்றேன்.

"கேக்குது."

"கன்னு?"

"நேத்து ராத்திரியிலருந்து கண்ணுல தண்ணி வடியுது. பால் குடிக்கல. தனியாக் கட்டச் சொல்லிட்டாரு. அதுக்கு ஊசி இல்லியாம், போட்டும் பிரயோசனம் இல்லியாம்." ஃபிளாஸ்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "நீதான் சொன்னியாமே, நக்குச்சுன்னு."

"ஆமா."

"நீ சொல்லலைன்னா அது மத்ததோட சேந்து நின்னிருக்கும்."

அது நன்றியா, குற்றச்சாட்டா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. நானும் தேடவில்லை.

"விடுன்னு நாந்தான் சொன்னேன்," என்றாள். "உப்புன்னா அதுக்கு உசுருன்னு."

பிறகு குனிந்து கயிற்றைக் கடந்தாள். மேட்டில் ஏறி மறையும் வரை அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஊருக்குள்ளிருந்து மாடுகள் கத்துவது கேட்டது. ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு கத்தலாக எண்ணினேன். பதினேழு வரை எண்ணிவிட்டு, எது எது என்று தெரியாமல் விட்டேன். எல்லாவற்றுக்கும் தள்ளி, ஓடையின் மேல்பக்கம் தனியாகக் கட்டியிருந்த ஒன்று மட்டும் சன்னமாக விட்டு விட்டுக் கத்தியது.

காலி ஃபிளாஸ்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதுவரை நிற்க வேண்டும். வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்து காலிலிருந்து முள்ளைப் பிடுங்கினேன். மூன்று பிடுங்கினேன், ஒன்று உள்ளேயே ஒடிந்துவிட்டது. பையில் ஒரு கீறல் இல்லை. கீறல் விழவில்லை பார் என்று பையிடம் சொல்ல வாயெடுத்தேன். மேட்டில் யாரும் நிற்கவில்லை. இருந்தாலும் சொல்லவில்லை.